செலக்ஷன் போட்ட வரிசை

கடவுளே நேரில் வந்து நின்றாலும், அவருடைய பட்டு அங்கவஸ்திரத்தைக் கட்டை விரலால் நிமிண்டிப் பார்த்து, "செகண்ட்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடக்கூடிய ஒரு மனிதரை எனக்குத் தெரியும். ஆம்பூர் பக்கத்தில் அவருக்கு 'செலக்ஷன்' என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்தது. அதை மாதா மாதம் டைப் அடித்தவனே நான்தான். எனக்கே மறந்துவிட்டது.

எழுபதுகளின் கடைசியில் அங்கே ஒரு தோல் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட், அவர் செலக்ஷன் மேஸ்திரி. பதம் பண்ணி வந்த தோல்களை நீளமான மேஜை மேல் ஒவ்வொன்றாகப் போடுவார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு விரலால் ஒரு ஓட்டு ஓட்டுவார். பிறகு காதில் செருகிய நீலச் சாக்கட்டியை எடுத்து ஒரு மூலையில் தரத்தை எழுதுவார். தேறாத தோலுக்குப் பெருக்கல் குறி. ஒரு தரம் குறி போட்டால் போட்டதுதான். முதலாளி கெஞ்சினாலும் மாற்ற மாட்டார், ஏன் என்று கேட்டாலும் சொல்ல மாட்டார்.

இந்தப் பழக்கம் மேஜையோடு நின்றிருந்தால் வம்பில்லை. கேன்டீன் இட்லி தேர்ட். ஸ்டேஷன் மாஸ்டர் விசில் ஃபோர்த். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்து, "ஃபோர்த்து. ஆனா டைப் அடிக்கறதுக்குப் போதும்" என்றார்.

குடியாத்தத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் கேசரி சாப்பிட்டு முடித்ததும், வருங்கால மாமனார் ஆசையாக, "பொண்ணு எப்டி மாப்ள?" என்று கேட்டிருக்கிறார். பழக்க தோஷம், "செகண்ட்" என்று சொல்லிவிட்டார். கதவுக்குப் பின்னால் நின்ற அம்சாக்காவுக்கு அது தெளிவாகக் கேட்டுவிட்டது. எப்படியோ கல்யாணம் நடந்தது. ஆனால், "அப்போ பர்ஸ்ட்டு யாருக்குப் போட்டே?" என்ற கேள்வி மட்டும் பதினெட்டு வருஷமாக அந்த வீட்டில் தினமும் சாதத்தோடு பரிமாறப்பட்டு வந்தது. அவரும் தினமும் பதில் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார்.

இப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒரு வேன் வந்து நின்றது. செருப்புக்குத் தோல் வாங்க வந்த ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் அதில் வந்தார்கள். உள்ளேயே கட்டில், அடுப்பு, ஜன்னலுக்குத் திரை. கம்பெனி வளாகத்தில் இரண்டு நாள் அதிலேயே தங்கிவிட்டுப் போனார்கள். போன பிறகு செலக்ஷன் என் மேஜைக்கு வந்தார்.

"டைப்பு, அவங்க ஊர்ல இந்த மாதிரி பழைய வண்டி வெச்சிருக்கறவங்க எல்லாம் ஒண்ணா சேந்து, வரிசையா போயி, ஒரு எடத்துல டேரா போடுவாங்களாம்."

"டேரா போட்டு இன்னா பண்ணுவாங்கண்ணா?"

"ஒண்ணும் பண்ண மாட்டாங்களாம்."

"ஒண்ணும் பண்ணாம இருக்கறதுக்கு எதுக்கு அவ்ளோ தூரம் போகணும்?"

"அதான் எனக்கும் புரியல. போய்ப் பாத்தாதான் புரியும்" என்றார்.

ஆறே மாதத்தில் வண்டி வாங்கிவிட்டார். சினிமா விளம்பரத்துக்கு ஊர் ஊராகச் சுற்றிய ஆதி காலத்து வேன். கூரை மேல் இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள். அவற்றைக் கழற்றினால் கூரையும் கூடவே வரும் என்று மெக்கானிக் சொன்னதால் அப்படியே விட்டுவிட்டார். அடுத்ததாக வேலூர் லாங் பஜாரில் பேக்கரி வைத்திருந்த பன் பாயைப் பிடித்தார். பாயிடம் ஓய்வு பெற்ற பன் வண்டி ஒன்று இருந்தது. மூன்றாவது ஆள் நான். ஏலத்துக்கு வந்த ஒரு பழைய ஆம்புலன்ஸை எதற்காக வாங்கினேன் என்று விமலா, அதாவது என் மனைவி, இன்றுவரை கேட்கிறாள். எனக்கும் தெரியவில்லை. அவர் அதைத் தடவிப் பார்த்து, "ரெடிமேடா கட்டில் இருக்குது பாரு" என்றார். வாங்கிவிட்டேன்.

ஏலகிரி போவது என்று முடிவானது. அம்சாக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வேலூர் சைதாப்பேட்டையில் அவர்கள் வீட்டு வாசலிலேயே, எங்கள் எல்லோர் முன்னிலையிலும் போட்டார்.

"இந்த டப்பாவால தெருவே சிரிக்குது. பொழுது சாயறதுக்குள்ள மலை மேல நான் ஸ்டவ் பத்த வெச்சு காப்பி போடணும். போட்டா சரி. போடலேன்னா திங்கக்கெழம இது காயலான் கடைக்குப் போய்டும். நானே தள்ளிக்கினு போவேன்."

செலக்ஷன் முகத்தில் ஈயாடவில்லை. வண்டியின் பக்கவாட்டை மெதுவாகத் தடவினார். அந்த வண்டி இல்லாவிட்டால் அவர் என்ன ஆவார் என்று எனக்கு அப்போதே கவலையாகிவிட்டது.

சனிக்கிழமை காலை கோட்டை மைதானத்தில் வண்டிகளை வரிசைப்படுத்தினார். கம்பெனியில் தோல் அடுக்குகிற அதே கணக்கு. நல்ல சரக்கு முன்னால், மட்டம் பின்னால். முதலில் அவர், நடுவில் பாய், கடைசியில் நான்.

"ஒருத்தரும் ஓவர்டேக் பண்ணக் கூடாது. முன்னாடி போற வண்டிய மட்டும் பாக்கணும். அது திரும்புனா திரும்பணும், நின்னா நிக்கணும். சொந்த மூளைய யூஸ் பண்ணக் கூடாது."

கடைசி விதியை நான் மட்டும்தான் சிரமமில்லாமல் கடைப்பிடிப்பேன் என்றாள் விமலா.

பள்ளிகொண்டாவிலேயே குழப்பம் ஆரம்பித்துவிட்டது. என் வண்டியில் இருந்த சிவப்புச் சிலுவை மூன்று கோட் பெயிண்டுக்குப் பிறகும் மங்கலாகத் தெரிந்தது. நாலு பேர் கை காட்டி நிறுத்தி, வயிற்று வலி என்று ஒரு பெரியவரைத் தூக்கி உள்ளே போட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கதவைச் சாத்தி, "சீக்கிரம் போங்க டாக்டர்" என்றார்கள். ஆம்பூரில் ஒரு டாக்டர் வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது, அந்தப் பெரியவர் விமலாவிடம், "உங்க நர்ஸ் வேல தேவலாம்மா, கட்டில்தான் ரொம்ப ஆடுது" என்றார்.

அதே நேரத்தில் ஆம்பூர் பஜாரில் பன் பாயைச் சுற்றிக் கூட்டம். வண்டியைப் பார்த்ததும் பன் கேட்கிறார்கள். இல்லை என்றால் நம்பவில்லை. "வாசன வருதே பாய், ஒளிச்சு வெச்சிக்கினு இல்லைங்கறியே" என்று ஒருவர் சண்டைக்கே போய்விட்டார். நிலைமையைச் சமாளிக்க செலக்ஷன் மைக்கை எடுத்தார். "மூணு வண்டியும் வரிசைக்கு வரவும், வரிசைக்கு வரவும்" என்று ஸ்பீக்கர் அலறியதும், பன் கேட்ட கூட்டம் அப்படியே திரும்பி என்ன படம், எந்தத் தியேட்டர் என்று கேட்க ஆரம்பித்தது. அம்சாக்கா எட்டி மைக் வயரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

வாணியம்பாடி தாண்டியதும் செலக்ஷன் வண்டியின் இடது பக்கக் கதவு கழன்று விழுந்தது. அம்சாக்கா அதைப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டு, மேற்கே சூரியனைப் பார்த்தபடி வந்தார். அவர் சூரியனைப் பார்த்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மலையடிவாரத்துக்கு வந்தபோது மணி ஐந்து. அங்கே ஒரு சின்னக் குளம். எங்கள் பாதை குளக்கரையை வந்து தொட்டு, அதைச் சுற்றிக்கொண்டு, எதிர்ப்பக்கம் கிளம்பி மலைக்குப் போகிறது. மூன்று வண்டிக்கும் ரேடியேட்டர் கொதித்தது. ஆளுக்கு ஒரு கரையில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினோம்.

அந்த நேரம் பார்த்து செலக்ஷனுக்குத் தொழில் தர்மம் நினைவுக்கு வந்தது. காலையில் போட்ட வரிசை காலை நிலவரம். வழியில் அடி வாங்கிய சரக்கைத் திரும்பத் தரம் பார்க்காமல் எப்படி அனுப்புவது? சாக்கட்டியோடு குளத்தைச் சுற்றி நடந்தார். முதலில் என்னிடம் வந்து, வண்டியைத் தடவி 4 என்று எழுதினார். "நீ பாய் வண்டிக்குப் பின்னால." அடுத்த கரையில் பாய் வண்டிக்கு 3. "நீ என் வண்டிக்குப் பின்னால." அதுவரை சரி.

பிறகு தன் வண்டிக்கு வந்திருக்கிறார். அம்சாக்கா மடியில் கதவோடு உட்கார்ந்தபடி, "கதவே இல்லாத வண்டிக்கு இன்னாய்யா போடப் போறே?" என்று கேட்டிருக்கிறார். செலக்ஷன் கண்ணை மூடித் தடவினார். தன் சரக்கு என்பதற்காகப் பொய்க்குறி போடுகிற ஆள் இல்லை அவர். பெருக்கல் குறி போட்டார். கழிவு என்றால் கடைசி. ஆகவே அவர் என் வண்டிக்குப் பின்னால் வர வேண்டும்.

"அப்போ பாய்கிட்ட போயி, நீதான் மொதல்லன்னு சொல்லணுமே?" என்று அம்சாக்கா கேட்டாராம்.

"அவருக்குக் குறி போட்டு, சொல்லியும் ஆச்சு. போட்டத மாத்த முடியாது" என்றாராம்.

மூன்று வண்டியும் கிளம்பின. கரையெல்லாம் புளியமரங்கள். எனக்கு முன்னால் பாய் வண்டி மட்டும்தான் தெரிந்தது. அது வளைந்தது, நானும் வளைந்தேன். மலைப்பாதை பிரிகிற இடம் வந்தது. பாய் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை. செலக்ஷனுக்கு ஏதோ குறுக்கு வழி தெரியும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏங்க, அந்த ஆடு மேய்க்கிற அம்மாவ இப்பத்தானே பாத்தோம்?" என்றாள் விமலா.

"மலையடிவாரத்துல எல்லாரும் ஆடுதான் மேய்ப்பாங்க."

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா மறுபடியும் வந்தார். விமலா என்னையே பார்த்தாள். நான் பாய் வண்டியையே பார்த்தேன். மூன்றாவது தடவை அந்த அம்மா எழுந்து நின்று, ஆம்புலன்ஸைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, ஜன்னலோரமாக நடந்துகொண்டே, "எத்தினி சுத்து வேண்டிக்கினீங்கம்மா? உள்ள படுத்திருக்கறவங்க பொழைச்சிடுவாங்களா?" என்று கேட்டார்.

நல்ல வேளையாகப் பாய் வண்டி பெட்ரோல் தீர்ந்து நின்றது. நானும் நின்றேன். பாய் இறங்கி, கண்ணுக்கு மேல் கையை வைத்து முன்னால் பார்த்தார்.

"டைப்பு, செலக்ஷன் ரொம்ப ஸ்பீடா போய்ட்டாருப்பா. வண்டி கண்ணுக்கே தெரியல."

"இன்னா தோஸ்த், ஏன் நிறுத்திட்டே?" என்று செலக்ஷனின் குரல் எனக்குப் பின்னாலிருந்து கேட்டது.

பாய் முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். "அரே, நீ எனக்கு முன்னாடி இல்ல போய்க்கினு இருந்தே?"

"நான் கடைசியில வர்றேன். டைப்புக்குப் பின்னால."

"நான் உங்களுக்குப் பின்னாலதானே பாய் வர்றேன்" என்றேன் நான்.

"நான் அவருக்குப் பின்னால வர்றேன்" என்றார் பாய்.

மூன்று பேரும் இதையே இரண்டு முறை திரும்பச் சொன்னோம். யாருக்கும் புரியவில்லை. கடைசியில் அம்சாக்கா கதவை இறக்கி வைத்துவிட்டு வந்தார். "பாய் இவருக்குப் பின்னால, தம்பி பாய்க்குப் பின்னால, இவரு தம்பிக்குப் பின்னால. முன்னால எவனும் இல்ல. மூணு பேரும் குளத்தச் சுத்திக்கினு இருக்கீங்க" என்று சொல்லி, மேற்கே கையைக் காட்டினார். சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது.

செலக்ஷன் சாக்கட்டியைக் காதிலிருந்து எடுத்தார். பார்த்தார். திரும்பச் செருகிக்கொண்டார். "சரி அம்சா. திங்கக்கெழம தள்ளிக்கினு போய்டலாம். நானும் ஒரு கை புடிக்கிறேன்" என்றார். பதினெட்டு வருஷத்துக் கேள்விக்குக்கூடத் தலை குனியாத மனிதர், அன்று குனிந்துகொண்டு நின்றார். எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? பன்னெண்டு வருஷமா அண்ணன் போடற லிஸ்ட்ட நான்தான் டைப் அடிக்கிறேன். பர்ஸ்ட்டுன்னு ஒரு தோலுக்குக்கூட அவர் போட்டதில்ல. செகண்ட்டே வருஷத்துக்கு நாலோ அஞ்சோதான்."

அம்சாக்கா என்னைப் பார்த்தார். "ஒண்ணுக்குக்கூட இல்லியா?"

"இல்லக்கா."

அவர் புருஷன் பக்கம் திரும்பினார். "இத வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாய்யா கேடு உனக்கு?"

"குறி போட்டா காரணம் சொல்றதில்ல அம்சா" என்றார் செலக்ஷன், தரையைப் பார்த்துக்கொண்டே.

அம்சாக்கா புருஷன் காதிலிருந்த சாக்கட்டியை உருவினார். வண்டியின் பக்கத்தில் இருந்த பெருக்கல் குறியை முந்தானையால் அழுத்தித் துடைத்தார். துடைத்த இடத்தில் பெரிதாக 2 என்று எழுதினார்.

"போட்ட குறிய அழிக்கக் கூடாது அம்சா" என்று மெதுவாகச் சொன்னார் செலக்ஷன்.

"நான் அழிப்பேன். போயி ஸ்டவ்வ எறக்கு."

அவர் இறக்கினார். அம்சாக்கா குளக்கரையிலேயே காப்பி போட்டார். மறுநாள் மலை ஏறினோமா என்று கேட்காதீர்கள். ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தக் குளக்கரையில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் செலக்ஷன், "இதுக்குத்தான் போறாங்க போல" என்றார். அதற்குத் தரம் எதுவும் சொல்லவில்லை. அந்த வண்டி காயலான் கடைக்குப் போகவே இல்லை.

அவரும் வண்டியும் போய் வெகு காலமாகிவிட்டது. நல்ல சாலை, வழி சொல்கிற பலகை எல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போது, முன்னால் ஒரு பழைய வேன் கூரையில் குழாய் ஸ்பீக்கரோடு ஆடி ஆடிப் போனால், எங்கே போகிறது என்று கேட்காமல் அதன் பின்னாலேயே போய்விடலாம் போல இருக்கிறது.