பெட்டிசனும் தூக்க பாயிண்டும்

ஏழு எமிரேட்டையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் அநியாயத்தை மோப்பம் பிடிப்பதில் பெட்டிசனைப் போல இன்னொரு மூக்கு கிடைக்காது. ஏசி மெக்கானிக் வேலை. ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்திருக்கும். பதினாறு வருஷமாக ஷார்ஜா முவைலாவில் மெஸ் நடத்தி, அவருக்குத் தினம் இரண்டு வேளை சோறு போட்ட எனக்கே அது தெரியாது.

குடியிருந்த கட்டடத்தின் லிஃப்ட் மேல்மாடிக்காரர்களிடம் பாசம் காட்டுகிறது என்று வாட்ச்மேனிடம் ஒரு பெட்டிசன் கொடுத்தார். பேக்கரிக்காரர் வரிசையில் முன்னால் நிற்பவனுக்குச் சூடான குபூஸ் ரொட்டியும், பின்னால் நிற்பவனுக்கு விறைத்த குபூஸும் கொடுக்கிறார் என்று இன்னொன்று. எல்லாம் தமிழில்தான். வாங்கியவர்களில் ஒருவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் யாருக்கும் கோபம் வரவில்லை.

ஒருநாள் எனக்கே ஒரு பெட்டிசன் வந்தது.

"எக்கா, வருத்தப்படாதீங்க. ஜன்னல் பக்கம் இருக்கவனுக்குத்தான் மீன் தலை போவுது. கதவுப் பக்கம் இருக்கவனுக்கு வாலு. மூணு மாசமா பாக்கேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் பரிமாறும்போது என் கையையே கவனித்தேன். அகப்பை தானாக ஜன்னல் பக்கம்தான் முதலில் போனது. மனுஷன் சொன்னது சத்தியம். அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் கதவுப் பக்கத்திலிருந்து பரிமாறத் தொடங்கினேன்.

அவருடைய பெரிய வழக்கு இதெல்லாம் இல்லை. ஃபுட்பால்.

எங்கள் ஊர்க் கடற்கரைப் பையன்கள் குளிர்காலம் வந்தால் இங்கே ஒரு டூர்ணமெண்ட் நடத்துவார்கள். துபாய் குரூப், ஷார்ஜா குரூப் என்று இரண்டு. எல்லாருக்கும் ஒரே நாளில் லீவு கிடைக்காது. அதனால் எல்லா டீமும் எல்லா டீமோடும் மோத முடியாது. தன் குரூப்புக்குள் ஆடிவிட்டு, எதிர் குரூப்பில் ஒரே ஒரு டீமோடு ஆடலாம். அதற்கப்புறம் கமிட்டி உட்கார்ந்து செமிஃபைனலுக்கு நாலு டீமைப் பொறுக்கி எடுக்கும். ஆறு வருஷமாக துபாயிலிருந்து மூன்று, ஷார்ஜாவிலிருந்து ஒன்று. அந்த ஒன்றும் எங்கள் மெஸ்ஸில் சாப்பிடும் முவைலா ஸ்டார் இல்லை. கமிட்டியில் நாலு பேர். தலைவர் துபாய் சத்வாவில் தையல் கடை வைத்திருக்கும் டெய்லர்.

பெட்டிசனுக்கு முழங்கால் போய்விட்டதால் ஆட மாட்டார். முவைலா ஸ்டாருக்குத் தண்ணீர் கேன் சுமப்பார். சாப்பாட்டை வாயில் வைத்துக்கொண்டே என்னிடம் வழக்காடுவார்.

"அவனுவ அவனுவளுக்குள்ள தோத்தா அது பலமான குரூப்பாம். நாங்க எங்களுக்குள்ள தோத்தா சொத்த குரூப்பாம். எந்த ஊரு நியாயம்க்கா இது?"

"சோறு ஆறுது தம்பி."

"துபாய் குரூப்புல ஆட்டம் கடினம்னு யாரு சொல்லுதா? துபாய்க்காரன் சொல்லுதான். எங்க பயலுவ நைட் டூட்டி முடிச்சி, கண்ணுல தூக்கத்தோட ஓடுதானுவ. அந்தக் கோலும், ஏசி ரூம்ல படுத்து எந்திச்சி வந்தவன் போட்ட கோலும் ஒண்ணா?"

இதிலிருந்துதான் தூக்க பாயிண்ட் பிறந்தது. நைட் டூட்டி முடித்துத் தூங்காமல் நேரே கிரவுண்டுக்கு வந்த டீமுக்கு அந்த ஆட்டத்தில் அரை பாயிண்ட் கூடுதல். இதைப் பதினொரு பக்கத்துக்கு எழுதி, சத்வாவுக்கே பஸ் ஏறிப்போய் டெய்லர் கையில் கொடுத்துவிட்டார். தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவ்வளவையும் படித்த டெய்லர், "தாங்க முடியலவே. உம்ம தூக்க பாயிண்ட வச்சிக்கிடுதோம். நீரும் கமிட்டில வந்து இரும், எங்களுக்கும் தூக்கம் வரட்டும்" என்றாராம்.

அப்படிப் போன வருஷம் பெட்டிசன் ஐந்தாவது ஆள் ஆனார்.

மூன்று டீமைத் தேர்வு செய்வதில் சிக்கல் இல்லை. நாலாவது இடத்துக்கு துபாய் குரூப்பின் ஜெபல் அலி கேம்ப் டீமும் முவைலா ஸ்டாரும் சமமாக நின்றன. இரண்டும் மோதிய ஆட்டமும் ஒன்றுக்கு ஒன்று. ஜெபல் அலிப் பையன்கள் அன்று டூட்டி உடுப்போடே கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, பஸ்ஸுக்குப் பின்னால் நின்று ஜெர்சி மாற்றியதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். அவர்களுக்கு அரை பாயிண்ட் உறுதி. முவைலா ஸ்டார் கேப்டன் வெல்டர், "நாங்களும் நைட் டூட்டி முடிச்சிதான் வந்தோம்" என்றான். அது நிஜமென்றால் திரும்பவும் சமம். கமிட்டி இரண்டுக்கு இரண்டாகப் பிரிந்து நின்றதால், அப்புறம் பெட்டிசன் வோட்டுதான். ஆறு வருஷத்துக் கதவு திறந்துவிடும்.

"சாட்சி உண்டா?" என்று டெய்லர் கேட்டிருக்கிறார்.

"மெஸ்ஸக்கா உண்டு" என்றிருக்கிறார் இவர்.

நைட் டூட்டிக்குப் போகிறவர்கள் சாயங்காலமே என்னிடம் பார்சல் வாங்கிக்கொள்வார்கள். ரூமில் படுத்துத் தூங்கப் போகிறவர்கள் பிளேட்டில் சாப்பிடுவார்கள். ஆக, யார் எந்த ராத்திரி தூங்கினான் என்பது எனக்குத் தெரியும். இதை என் மெஸ்ஸிலேயே வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் விசாரிப்பது என்று முடிவானது. பரிமாறுவதோடு சரி, மூன்று ஆம்பிளைகள் சேர்ந்தாற்போல் பேச வந்தால் திரைக்குப் பின்னாலிருந்தே பதில் சொல்கிற ஆள் நான். அன்று இருபது பேர்.

அதற்கு முன்னால் வெல்டர் அடுக்களைக்கு வந்தான். பாத்திரத்தை அவனே கழுவினான். அதிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"எக்கா, பார்சல்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். பயலுவ ஆறு வருசமா ஏங்குதானுவ. உங்க சோத்தத் தின்னு ஓடுத டீமுக்கா."

அவன் கழுவி வைத்த பாத்திரத்தை எடுத்து நான் இன்னொரு தடவை கழுவினேன்.

கூப்பிட்டார்கள். திரையைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தேன். பெட்டிசன் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். என்னைத் தெரியாதவர் மாதிரிக் கேட்டார்.

"ஆட்டத்துக்கு முந்தின நாளு, சனிக்கிழம சாயங்காலம். முவைலா ஸ்டார் பயலுவளுக்கு பார்சலா, பிளேட்டா?"

அந்தச் சனிக்கிழமை எப்படி மறக்கும்? ஷார்ஜாவில் மழை. சைட்டில் முழங்கால் தண்ணீர் நின்று வேலை நின்றுபோன நாள். அத்தனை பயல்களும் என் முன்னால்தான் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இப்போது அத்தனை பேரும் என் வாயையே பார்த்தார்கள். வெல்டர் கண்ணாலேயே பார்சல் கட்டினான்.

"பிளேட்டு" என்றேன்.

பெட்டிசன் விடவில்லை.

"ரெண்டாவது சோறு வாங்கினானுவளா?"

"வாங்கினாங்க. ரசமும்."

"அப்போ நல்லாத்தான் தூங்கியிருக்கானுவ" என்று சொல்லிவிட்டு, கையைத் தூக்கினார். "என் வோட்டு ஜெபல் அலிக்கி."

டெய்லரே பதறிவிட்டார். "வே, அது உம்ம டீமுவே. சும்மா கண்ண மூடிட்டுப் போடும். ஒருத்தரும் கேக்க மாட்டோம்."

"நீங்க கண்ண மூடிட்டுப் போட்டதுக்குத்தானவே நான் ஆறு வருசம் எழுதினேன்" என்றார் பெட்டிசன்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் மெஸ்ஸில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. தண்ணீர் கேனைக்கூட வெல்டர் பிடுங்கிக்கொண்டான். ஜெபல் அலி செமிஃபைனலில் நாலு கோல் வாங்கித் தோற்றது. "பாத்தியளா, இந்தத் தடவ நல்லாத் தூங்கிட்டு வந்தானுவ, அதான்" என்று அவர் சுவரைப் பார்த்துச் சொல்ல, வெல்டருக்குச் சிரிப்பு அடங்காமல் புரையேறியது. அவன் தலையில் தட்டப் போனவர் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். சண்டை அதோடு கலாஸ்.

அந்த வாரமே கமிட்டிக்கு இன்னொரு பெட்டிசன் போனது. போவதற்கு முன் எனக்கு வாசித்துக் காட்டினார்.

"சாட்சி சொல்ல வந்த மெஸ்ஸக்காவைக் கமிட்டியின் ஐந்தாவது உறுப்பினர் நிற்க வைத்தே கேள்வி கேட்டார். உட்காரச் சொல்லவில்லை. இருபது ஆண்களும் உட்கார்ந்திருந்தார்கள். இது பெரிய அநியாயம். மேற்படி உறுப்பினரைக் கண்டிக்க வேண்டும்."

"மேற்படி உறுப்பினர் நீங்கதானே தம்பி" என்றேன்.

"யாரா இருந்தா என்னக்கா" என்று கீழே கையெழுத்துப் போட்டார்.

அவர் கொடுத்த பெட்டிசன்களில் ஒருவரும் எதிர்க்காமல் நிறைவேறியது அது ஒன்றுதான். இரண்டு மாதத்தில் கம்பெனி அவரை தோஹா தொழில்பேட்டைக்கு மாற்றிவிட்டது. டெய்லர் சத்வாவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி அனுப்பினார். என் அடுக்களையில் அடுப்புக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே அதைப் போட்டால் நான் திரும்பக்கூட இடம் இருக்காது. ஆனாலும் மத்தியானச் சோறு முடிந்ததும், தினமும் கொஞ்ச நேரம் அதில் உட்காருகிறேன்.