பெரிய பெட்டரியும் ஒரு பிடி ஈயமும்

சாய்ந்தமருதில் என் கடை வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. ‘எல்லா வகைப் பெட்டரிகளுக்கும் அனுபவமிக்க ஆலோசனை’ என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். லொறிக்காரர், த்ரீவீல்காரர், உழவு மெஷின்காரர் எல்லோரும் அதை நம்பித்தான் வருகிறார்கள். பிள்ளைகளே, ஒரு பலகையில் ஒருவரைப் பற்றிப் பெருமையாக ஏதாவது கண்டால், அந்த வாசகத்தைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று முதலில் விசாரியுங்கள். என் பலகைக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய்க் குடியிருப்பான். ஆகவே நான் இருப்பது என் மனைவி ரிஸானாவின் வீட்டில். சுவர் அவளுடையது, கூரை அவளுடையது, மாமியும் அவளுடையவர். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே சொத்து, பெட்டரி விஷயத்தில் என்னைக் கேட்காமல் யாரும் வாய் திறப்பதில்லை என்ற மரியாதைதான். அந்தச் சொத்தை நான் எப்படி அழித்தேன் என்பதே இந்தக் கதை.

கட்டாரில் வேலை செய்யும் என் மச்சான், ரிஸானாவின் சகோதரன் ரியாஸ், என் மகள் ஷைமாவுக்கு ஒரு ஜெட் விமானம் அனுப்பியிருந்தான். ரிமோட்டில் பறப்பது. ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப்பலகையில் செய்த உடம்பு, வயிற்றுக்குள் மோட்டார் பூட்டிய ஒரு காற்றாடி, கீழே மூன்று சின்னச் சக்கரம். எல்லாம் இருந்தது, பெட்டரி மட்டும் இல்லை. அந்த வகைப் பெட்டரியை விமானப் பொதிக்குள் போட விடமாட்டார்களாம். (விமானத்தின் பெட்டரியை விமானம் ஏற்றாது. இதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.)

வாட்ஸ்அப்பில் ரியாஸின் குரல் வந்தது. “மச்சான், நாலு செல், இரண்டாயிரத்து இருநூறு எம்ஏஎச். அந்தச் சைஸ்தான் போடணும். அதுக்கு மேல ஒண்டும் வேணாம். நீங்க ஒண்டுலயும் கை வைக்காதீங்க, அடுத்த மாசம் லீவுல வந்து நான் பூட்டித் தாறன்.”

ஒரு பெட்டரிக் கடைக்காரனிடம் சொல்லும் பேச்சா இது?

அதையும் பொறுத்திருப்பேன். ஆனால் அதற்குள் ஷைமா தன் வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிட்டாள், எங்கட வீட்ட ஜெட் இரிக்கி, வெள்ளிக்கிழமை வாப்பா கடற்கரையில் பறக்க விடுவார் என்று. வகுப்பில் பக்கத்து வாங்கில் உட்காரும் ஹனா எல்லோருக்கும் முன்னால் “புழுகு” என்று சொல்லிவிட்டாளாம். அன்று பின்னேரம் என் மகள் கடைக்கு வந்து, அமில வாளிக்குப் பக்கத்தில் நின்று அழுதாள்.

“வாப்பா, பறக்காட்டி எனக்குப் புழுகுணி எண்டு பேர் வச்சிருவாங்க. வருசம் முழுக்க அதான் கூப்பிடுவாங்க. உங்களுக்குத்தானே பெட்டரி எல்லாம் தெரியும்?”

அந்தக் கடைசி வரியை மட்டும் அவள் சொல்லாமல் விட்டிருந்தால் இந்த ஊரில் பல நல்ல காரியங்கள் நடந்திருக்கும்.

கொழும்பில் ஒரு கடைக்குப் பேசினேன். கடைக்காரர் படம் அனுப்பினார். மச்சான் சொன்ன பெட்டரி ஒரு வாழைப்பழ அளவில் இருந்தது. பக்கத்திலேயே ஐயாயிரம் எம்ஏஎச் என்று போட்டு, ஒரு செங்கல் போல இன்னொன்று. என் தொழிலில் ஒரு சட்டம் உண்டு: எந்த வண்டியாக இருந்தாலும் பெரிய பெட்டரி போட்டவன் வழியில் நிற்கமாட்டான். மச்சானுடையது ஐந்து நிமிடம் பறந்தால் என்னுடையது பத்து நிமிடத்துக்கு மேல் பறக்கும். கணக்குச் சரிதானே? அதைச் சுமந்துகொண்டு பறக்கவேண்டியது யார் என்ற கேள்வி மட்டும் கணக்கில் வரவில்லை. லொறி ஒருநாளும் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதில்லை.

பெட்டரி பஸ்ஸில் பார்சலாக வந்தது. விமானத்தின் மூக்குக்குள் பெட்டரி வைக்க ஒரு பள்ளம் உண்டு. என்னுடையது அதற்குள் இறங்கவில்லை. பாண் வெட்டும் கத்தியால் பள்ளத்தைப் பெரிதாக்கினேன். ரிஸானா வீட்டிலிருந்தபடி கேக் செய்து விற்பவள். மாவு நிறுக்கும் தன் மின் தராசில் பெட்டரியைத் தூக்கி வைத்துப் பார்த்தாள். பிறகு விமானத்தை வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஷைமாட வாப்பா, இது ப்ளேனுக்குப் பெட்டரியா, பெட்டரிக்கு ப்ளேனா?”

“இது கேக் இல்ல புள்ள.”

“கேக்கா இருந்தா நான் இப்படிச் செய்யமாட்டன்.”

இறக்கைக்கு அடியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு புள்ளி இருந்தது. அந்தப் புள்ளிகளில் விரல் நுனி வைத்துத் தூக்கினால் விமானம் முன்னும் பின்னும் சாயாமல் நிற்கவேண்டும் என்று பெட்டியில் படம் போட்டிருந்தார்கள். தூக்கினேன். மூக்குக் குப்புறச் சாய்ந்தது. இன்னொருவனாக இருந்தால், முன்பக்கம் பாரம் கூடிவிட்டது, பெட்டரியைக் குறைப்போம் என்று யோசித்திருப்பான். நான் அனுபவமிக்கவன் அல்லவா? முன்பக்கம் கூடினால் பின்பக்கமும் கூட்டு, தீர்ந்தது பிரச்சினை! பழைய லொறிப் பெட்டரிகளிலிருந்து கழற்றிய ஈயம் கடையில் வாளி வாளியாகக் கிடக்கிறது. ஒரு பிடி எடுத்துத் தட்டையாக அடித்து வாலில் ஒட்டினேன். தூக்கினேன். அசையாமல் நின்றது.

“பாத்தியா?” என்றேன்.

“சமனாத்தான் நிக்கி,” என்றாள் ரிஸானா. “அம்மியும்தான் சமனா நிக்கும்.”

மாமி மட்டும் என் பக்கம். “மருமகன் விசயம் தெரிஞ்சவர், நீ சும்மா இரி,” என்று மகளை அடக்கினார். (அவர் என் பக்கம் நின்றது அதுதான் கடைசி.)

வெள்ளிக்கிழமை பின்னேரம் அசர் தொழுகை முடிந்ததும் கடற்கரைக்குப் போனோம். ஷைமாவின் வகுப்பே நின்றது. அவர்களின் உம்மாமார் நின்றார்கள். கூட்டத்தைக் கண்டதும் இறால் வடைக்காரரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். ஹனா முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு நீதவானைப் போல நின்றாள். ஷைமா என் சட்டை நுனியைப் பிடித்தபடி விடவேயில்லை.

அலை வந்து திரும்பும் ஈர மணல் சீமெந்துபோல இறுகிக் கிடக்கும். அதுதான் என் ஓடுபாதை. ஒரு சின்னத் தடங்கல்: சற்றுத் தூரத்தில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலில் அரைவட்டமாக வலையை விட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று வரிசையாக இழுக்கும் வேலை அது. கடலிலிருந்து வந்த கயிறு இடுப்பளவு உயரத்தில் என் ஓடுபாதைக்குக் குறுக்கே விறைத்து நின்றது. மீன் சேரும் மடிப்பகுதி கரைக்குக் கிட்ட வந்துவிட்டது. நெத்தலி துள்ளித் துள்ளித் தண்ணீர் கொதிப்பது போலிருந்தது.

“கயிறு கிடக்கு, மத்தப் பக்கத்தால விடுங்க,” என்றாள் ரிஸானா.

“அதுக்குள்ள அது தென்னை உசரத்துக்குப் போயிரும் புள்ள.”

பிஸ்மில்லாஹ் சொல்லி ரிமோட்டின் விசையை மேலே தள்ளினேன். காற்றாடி ஊளையிட்டது. விமானம் ஓடத் தொடங்கியது. பிள்ளைகள் கத்தினார்கள். நான் மற்ற விசையை இழுத்தேன், அது எழும்பவேண்டும். எழும்பவில்லை, ஓடியது. இன்னும் இழுத்தேன். இன்னும் வேகமாக ஓடியது. பெட்டரியைக் குறை சொல்லக்கூடாது, பலம் என்றால் அப்படி ஒரு பலம்! மணலில் உழவு மெஷின் போனதுபோல மூன்று கோடு கிழித்துக்கொண்டு ஜெட் போனது.

“வாப்பா, இது காரா?” என்றாள் ஷைமா, மிக மெதுவாக.

வலைக்காரர்களின் தலைவர் காசிம் காக்கா திரும்பிப் பார்த்தார். “டேய், என்னடா வருது! விலகுங்கடா!” என்று அவர் கத்தவும், கயிறு பிடித்தவர்களில் பாதிப்பேர் கயிற்றை விட்டுவிட்டுப் பாய்ந்தார்கள். விறைத்து நின்ற கயிறு தொய்ந்து தாழ்ந்தது. அதே நேரம் விமானம் அங்கே போய்ச் சேர்ந்தது. மற்றவர்கள் ஒரு சுண்டு சுண்டி இழுக்க, கயிறு அதன் அடிவயிற்றில் மாட்டி அதை மேலே எறிந்தது.

அல்ஹம்துலில்லாஹ், பறந்தது! வெயிலில் இறக்கை மின்ன, ஒரு வள்ளத்தின் நீளத்துக்கு அது உண்மையாகவே ஆகாயத்தில் இருந்தது. பிறகு ஈயத்துக்குத் தன் பாரம் ஞாபகம் வந்தது. விமானம் மூக்கைத் திருப்பி, நேரே வலையின் மடிக்குள், நெத்தலிக்கு நடுவில் போய் விழுந்தது.

விசையைக் கீழே இறக்கியிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். நான் பதற்றத்தில் அதை மேலேயே அழுத்திப் பிடித்திருந்தேன். காற்றாடி முன்வாயால் நெத்தலியை உறிஞ்சியது, வாலால் கரையை நோக்கிப் பீச்சியது. முன்வரிசை முழுக்க மீன். வடைக்காரரின் தட்டில் இறால் வடைக்கு மேல் நெத்தலி. ஹனாவின் தலையில் மூன்று நான்கு. கடைசியில் உப்புத்தண்ணீர் உள்ளே போய்ப் பெட்டரி சீறிப் புகைந்தது. எல்லோரையும் தூரப் போகச் சொல்லிக் கத்தினேன். அன்று என் வாயிலிருந்து வந்த முதல் சரியான ஆலோசனை அதுதான். காசிம் காக்கா ஒரு நீளக் கம்பால் அதை இழுத்து வெளியே போட்டு, காய்ந்த மணலைக் கொட்டி மூடினார்.

பிறகு என்னிடம் வந்தார்.

“தம்பி, கயித்த விட்டதால பாதி மீன் போயிட்டு. தெரியுமா?”

“தெரியும் காக்கா.”

“வலைக்குள்ள வந்தது வலைக்குச் சொந்தம். உங்கட ப்ளேன் இப்ப எங்கட மீன். வேணுமெண்டா கயித்தப் புடிங்க. இழுத்தவனுக்குப் பங்கு.”

செருப்பைக் கழற்றிவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன். கடைசி இழுவைதான் பாரம் கூடியது. எனக்குப் பின்னால், என் சட்டை நுனியை விடாமலே, ஒரு கையால் ஷைமா பிடித்தாள். பிறகு தலையில் நெத்தலியோடு ஹனா வந்து பிடித்தாள். அதன் பிறகு வகுப்பு முழுவதும் பிடித்தது. வலை கரையேறும்வரை எல்லோரும் இழுத்தோம். கயிற்றில் கை வைத்தவர்களுக்குக் கறிக்கு மீன் கொடுப்பது அங்கே வழக்கம் என்பதால், காசிம் காக்கா ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். எனக்கு ஜெட்டும் ஒரு பை நெத்தலியும்.

“ஹனா,” என்றாள் ஷைமா. “நான் புழுகினனா?”

ஹனா காதுக்குள்ளிருந்து ஒரு மீனை எடுத்து எறிந்தாள். “இல்ல. பறந்திச்சு. கொஞ்சம்தான், எண்டாலும் நான் கண்டன். மீனும் புடிச்சிச்சு. எங்கட வாப்பாட கார் ஒண்டும் புடிக்காது.”

என் மகள் என் சட்டை நுனியை அப்போதுதான் விட்டாள்.

இரவு ரியாஸ் வீடியோவில் வந்தான். “பறக்க விட்டயளாமே மச்சான். எப்படி?” நான் வாயைத் திறப்பதற்குள் மாமி போனை வாங்கிக்கொண்டார். “பறந்திச்சு மகன். கடலுக்குப் போய்ட்டுத்தான் வந்த. பொரிச்சு வச்சிருக்கன்.”

அடுத்த மாதம் அவன் வந்தான். ஈயத்தைக் கழற்றினான், வெட்டிய பள்ளத்தை ஒட்டினான், புது மோட்டார் பூட்டினான், வாழைப்பழப் பெட்டரியைப் போட்டான். அறுவடை முடிந்த மாவடிப்பள்ளி வயல் ஓரத்துக் கொங்கிறீட் பாதையில் விட்டான். சும்மா காகம் போல எழும்பிப் போனது. ஐந்து நிமிடம் வட்டமடித்து, பூப்போல இறங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் பாருங்கள், பிள்ளைகளே, அந்தப் பறப்பை இன்று யாரும் பேசுவதில்லை.

பேசுவதெல்லாம் என்னுடையதைத்தான். வலையில் மீன் குறைந்த நாட்களில் காசிம் காக்கா என் கடையைத் தாண்டும்போது, “தம்பி, இண்டைக்கு ப்ளேன் தொழிலுக்குப் போறல்லையா?” என்று கேட்காமல் போகமாட்டார். வீட்டில் கறிக்கு ஒன்றும் இல்லையென்றால் மாமி என்னைத் தேடமாட்டார், ரிமோட்டைத் தேடுவார். ஜெட்டை எத்தனை தரம் கழுவியும் நெத்தலி வாசம் போகவில்லை. ஷைமா அதை முற்றத்துக்கு எடுத்துவரும்போதெல்லாம் எங்கள் பூனை ஓடிவந்து ஜெட்டின் வாலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளும்.

அந்தப் பூனை ஒன்றுதான், அந்த வீட்டில், என் ஆலோசனையை இன்னும் நம்பியிருக்கிறது.