ராக்கை ஐயாவும் நடந்துபோகும் கடுகு டப்பாவும்

இலங்கையின் ஊவா மாகாணத்தில் ஆண்டவனின் படைப்பிலேயே குறை கண்டவர் ஒருவர்தான். அவர் எங்கள் ராக்கை ஐயா. பூமி சரிவாக இருக்கிறது என்பதே அவருடைய குற்றச்சாட்டு. பதுளை மலைகளில் வாழ்ந்தவர்கள் வேறு யாரும் இதைக் குறையாக நினைத்ததில்லை. சரிவில் நட்டோம், சரிவில் கொழுந்து பறித்தோம், சரிவில் படுத்துத் தூங்கினோம். ஐயா மட்டும், ஒரு ஜாடி சாய்ந்தால் தன் மானமே சாய்ந்துவிட்டதாக எடுத்துக்கொள்வார்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். ஸ்பிரிங்வெளி போகும் பாதையில் இருந்த எங்கள் தோட்டத்தில் அதை யாரும் விசாரித்ததில்லை. தேயிலை அரைக்கும் ஸ்டோரில் அவர் டீமேக்கர். கொழுந்து எவ்வளவு வாட வேண்டும், எவ்வளவு காய வேண்டும் என்பதெல்லாம் அவர் மூக்கு சொல்கிறபடிதான் நடக்கும். அந்த மூக்கின் மேல் தோட்டத்தை ஆளும் துரைக்கே மரியாதை உண்டு. ஆனால் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது தேயிலை இல்லை. வீட்டில் சாமான் அடுக்கும் ராக்கை.

நான் அப்போது அங்கே சின்னக் கணக்கப்பிள்ளை. கல்யாணம் ஆகவில்லை. அவர் வீட்டுக்கும் என் அறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். சாப்பாடு அவர் வீட்டில். ஆகவே அந்த வீட்டில் எது கீழே விழுந்தாலும் என் வயிற்றில் விழுந்த மாதிரிதான்.

விழுவதற்குக் காரணம் இருந்தது. எங்கள் வீடுகள் ஸ்டோரை ஒட்டிக் கட்டப்பட்டவை. அங்கே கொழுந்தை உருட்டும் ரோலர்கள் ஓடத் தொடங்கினால் இங்கே தரை நடுங்கும், சுவர் நடுங்கும். வெற்றிலையை வாயில் போட்டால் போதும், மெல்லும் வேலையை ரோலரே பார்த்துக்கொள்ளும். சமையலறைத் தட்டில் வைத்த சாமான்கள் மெதுவாக நடக்க ஆரம்பிக்கும். காலையில் கதவோரம் வைத்த கடுகு டப்பா பொழுது சாயும்போது ஜன்னலோரம் நிற்கும். நடந்து களைத்தவை கீழே விழும். அப்படித்தான் ஒருநாள் எலுமிச்சை ஊறுகாய் ஜாடி விழுந்து நொறுங்கியது.

"இனிமே இந்த வீட்ல ஒரு சாமான் சாயாது," என்று அறிவித்தார் ஐயா.

அவர் மனைவி தங்கம்மாக்கா சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டே, "ஊறுகாயும் இருக்காது," என்றார்.

ஸ்டோரில் கழித்துப் போட்ட தேயிலைப் பெட்டிப் பலகைகளை வைத்து முதல் ராக்கை பிறந்தது. சாமான்கள் விழாமல் இருக்க முன்பக்கம் ஒரு குறுக்குச் சட்டம் அடித்தார். போதாது என்று இன்னொன்று. சந்தேகத்துக்கு மேலும் ஒன்று. உண்மையாகவே எதுவும் விழவில்லை. டப்பாக்கள் சிறைக்கைதிகள் மாதிரி கம்பிக்குள்ளிருந்து எங்களைப் பார்த்தன. உள்ளே கை போனால்தானே வெளியே எடுப்பதற்கு!

"ஏங்க, கொழம்புக்கு உப்பு வேணும். ஜாமீன்ல எடுத்துக் குடுங்க," என்று அக்கா கூப்பிட்டார்.

சட்டங்கள் போயின. அடுத்ததாகப் பலகையில் ஒவ்வொரு சாமானின் அடிக்கும் அளவெடுத்துத் துளை போட்டு, அதற்குள் உட்கார வைத்தார். நூலிழை இடைவெளிகூட இல்லாத வேலை. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினோம். பிறகு மழை பிடித்தது. ஈரத்தில் பலகை ஊதி, எல்லா டப்பாவையும் கழுத்தைப் பிடித்த மாதிரிப் பிடித்துக்கொண்டது. புளி ஜாடியை எடுக்க நானும் ஐயாவும் ராக்கையில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தோம். ஜாடி வந்தது. நாங்கள் இருவரும் அதோடு சேர்ந்து அடுப்படி வரை வந்தோம்.

வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பதுளைக் கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த காசிம் நானா, ஐயாவைத் தூரத்தில் கண்டதுமே கண்ணாடிச் சாமான்களை உள்ளே எடுத்து வைக்கச் சொல்வார். ஐயா எதையும் விரலால் தள்ளிப் பார்க்காமல் வாங்கமாட்டார்.

"தள்ளிப் பாக்க இது என்ன மாட்டு வண்டியா ஐயா?"

"இன்னைக்கு நான் தள்ளினாச் சாயிறது, நாளைக்குத் தானாவே சாயும் நானா. ஒங்க நல்லதுக்குத்தான்."

ஒருமுறை கொழுந்து அதிகமாகப் புளித்துவிட்டது என்று துரை எங்கள் இருவரையும் பங்களாவுக்குக் கூப்பிட்டுத் திட்டினார். ஐயா தலைகுனிந்து நின்றதைப் பார்த்து, மனிதர் வருந்துகிறார் என்று துரை நினைத்திருப்பார். எனக்குத் தெரியும், ஐயா மேசை ஓரத்தில் இருந்த பூ ஜாடியின் அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி வசவில் எட்டிப்போய் அதை மேசை நடுவுக்கு நகர்த்திவிட்டு, திரும்பி வந்து பழையபடி தலையைக் குனிந்துகொண்டார். துரைக்கு விட்ட இடம் மறந்துபோயிற்று. எங்களைப் போகச் சொல்லிவிட்டார்.

இப்படி நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்த ரசம் வந்தது. முதல் வாய் எடுத்து வைத்தவன் நான். விளக்கையே விழுங்கிய மாதிரி இருந்தது. ரசத்தில் மண்ணெண்ணெய்!

ஐயா முகர்ந்து பார்த்ததும் எழுந்துவிட்டார். "எல்லாம் இந்தத் தட்டால வந்த வினை. போத்தல் எடம் மாறியிருக்கு. நாளைக்கே பிரிச்சுப் போட்டுட்டு வேற செய்யிறேன்."

அக்கா அகப்பையைக் கீழே வைத்தார். "தட்டு மேல பழி போடாதீங்க. எனக்குத்தான் கண்ணு சரியாத் தெரியல."

எழுந்த ஐயா மறுபடி உட்கார்ந்தார்.

"எப்ப இருந்து?"

"தீவாளிக்கு முந்தியே."

"ஏன் புள்ள சொல்லல?"

"சொன்னா அண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிருவாரு."

ஐயா அக்காவைப் பதுளையில் டாக்டரிடம் கூட்டிப் போனார். இருக்கும் பார்வையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும்படி சொல்லி அனுப்பினார் டாக்டர். சேதி எப்படியோ மலை ஏறிப் போய், அக்காவின் அண்ணன் வந்து சேர்ந்தார். ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி அவர். கோட்டும் தலைப்பாகையுமாக வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க மாப்ள. கண்ணு தெரியாத புள்ளைய அடுப்புக்கிட்ட விடுறது பாவம். எங்க வீட்ல ரெண்டு மருமக இருக்காளுக. இவ உக்காந்து சாப்புடட்டும்."

"உக்காந்து சாப்புடவா நான் வாக்கப்பட்டேன்?" என்று உள்ளே இருந்து அக்காவின் குரல் வந்தது.

ஐயா அடுப்படிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "மச்சான், ஒரு வாரம் கழிச்சு வாங்க. இவ கையால சாப்புடுங்க. அப்புறமும் கூட்டிட்டுப் போகணும்னா நான் தடுக்கல," என்றார். அந்தக் கடைசி வார்த்தையில் குரல் ஆடிவிட்டது.

அந்த வாரம் ஐயா செய்ததைப் பார்த்து தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக் காம்பராக்களில் எல்லாம் பேச்சு. மனிதர் துண்டால் தன் கண்ணைக் கட்டிக்கொண்டு சமையலறையில் தடவித் திரிந்தார். அம்மிக்கல்லில் இடித்துக்கொண்டார். மாவுப் பானைக்குள் முழங்கை வரை விட்டார். மிளகாய்த்தூள் பட்ட கையால் மூக்கைச் சொறிந்துகொண்டு, அந்த மரியாதைக்குரிய மூக்கைத் தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கிவைத்திருந்தார். ரசத்துக்குப் பிறகு அக்கா சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

"இந்த வீட்ல கண்ணு தெரியாதது யாருன்னு இப்பத் தெரியலையே!" என்று சொல்லிவிட்டு, அவர் கையைப் பிடித்து ஒவ்வொரு இடமாக வைத்துக் காட்டினார். "உப்பு இங்க இருக்கணும், கைக்கிட்ட. அரிசிப் பானைய அடியில வைங்க. கனத்த உச்சியில ஏத்தினா ஆடாம என்ன செய்யும்?"

இருவரும் சேர்ந்தே அதைச் செய்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். கனமானவை அடித்தட்டில். தட்டுகள் எல்லாம் சுவர்ப்பக்கம் கொஞ்சம் சாய்வாக. துளைகள் இந்தத் தடவை ஒரு விரல் தளர்வாக, ஓரத்தில் சாக்குத் துணி வைத்து. உப்பு ஜாடிக்கு வட்டத் துளை, சீனி டின்னுக்குச் சதுரம், எண்ணெய்ப் போத்தலுக்கு ஆழமான குழி, ஒன்றைப் போல ஒன்று இல்லாமல். நடுக்கம் மேலே ஏறாதிருக்க, மரத்தூளை அடைத்த டின்களுக்குள் ராக்கையின் கால்களை நிறுத்தினார். ராக்கை சுவரைத் தொடவே இல்லை. மண்ணெண்ணெய் வீட்டுக்குப் பின்னால் நாடு கடத்தப்பட்டது.

சொன்னபடி பெரிய கங்காணி வந்தார். ரோலர்கள் முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்த நேரம். நேராகப் போய் ராக்கையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். ராக்கையிலிருந்து ஒன்றும் விழவில்லை. தலைப்பாகைதான் விழுந்தது. அவர் லேசில் விடுகிறவர் இல்லை. அக்கா அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தபோது, சத்தமில்லாமல் உப்பு ஜாடியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சீனி டின்னை வைக்கப் பார்த்தார். வட்டத்தில் சதுரம் இறங்குமா? அப்படியும் இப்படியும் திருப்பினார்.

அக்கா திரும்பாமலே சொன்னார். "அண்ணே, அது அங்க போகாது. ராக்கை விடாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஐயாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. மனிதர் மூச்சுவிடாமல் நின்றிருந்தார்.

அக்காவின் கை ராக்கைக்குப் போனது, வந்தது. கடுகு, மிளகாய், புளி, எல்லாம் வைத்த இடத்தில் அவருக்காகக் காத்திருந்தன. இலை போட்டார்கள். பெரிய கங்காணி சாப்பிட்டார். இன்னொரு தரம் ரசம் கேட்டு வாங்கினார். எழுந்து கை கழுவிவிட்டு, "மாப்ள, எங்க வீட்டுக்கும் இப்புடி ஒண்ணு செஞ்சு குடுங்க," என்றார்.

"ஒங்க வீட்டுக்கிட்ட ஸ்டோரு இல்லையே மச்சான். அங்க எது ஆடப் போகுது?"

"ரெண்டு மருமக இருக்காளுகன்னு சொன்னேன்ல!"

அவர் தனியாகவே ஊர் திரும்பினார். ஐயா ஸ்டோருக்குப் போய்விட்டார். அன்றைய தேயிலை கொஞ்சம் கூடுதலாகக் காய்ந்துபோனதாகவும், துரை ஒன்றும் சொல்லவில்லை என்றும் கேள்விப்பட்டேன்.

பிறகு எனக்கு அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை கிடைத்தது. நான் புறப்பட்ட காலையில் நல்ல மூடுபனி. அக்கா சோற்றுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். ஐயா என்னிடம் போய் வா என்றுகூடச் சொல்லவில்லை. மாட்டு வண்டியில் என் டிரங்குப் பெட்டியை இப்படி நகர்த்தி, அப்படி நகர்த்தி, கயிறு போட்டு இறுக்கி, கயிற்றை நம்பாமல் மறுபடி இறுக்கினார். வண்டி கிளம்பியதும் பெட்டி மேல் ஒரு கையை வைத்தபடி கூடவே நடந்து வந்தார். அது சாய்வதற்கு வழியே இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். தோட்டத்து எல்லை வரை அவர் கையை எடுக்கவில்லை. எடுங்கள் என்று நானும் சொல்லவில்லை.