ஆதிக்க மொழியை வீழ்த்திய அண்ணன்

ஒரு நாட்டின் மொழியில் ஒரு சொல்கூடப் பேசாமல் அந்நாட்டு முதலாளிகளை நடுநடுங்க வைத்த எழுத்தாளர் உலகிலேயே ஒருவர்தான். எங்கள் சங்கத் தலைவர் அண்ணன். அடியேன் செயலாளர். அவர் முழங்குவார், நான் கைதட்டுவேன்.

புலம்பெயர்ந்து இருபது வருடமாக அண்ணன் வெளியிட்ட நாவல்களும் கண்டன அறிக்கைகளும் தமிழில்தான். கண்டிக்கப்பட்ட எந்த முதலாளியும் இதுவரை மறுப்பு விட்டதில்லை. அவ்வளவு பயம்! "ஆதிக்க மொழியைக் கற்பது சரணாகதி" என்பது அவர் கொள்கை. எனக்கும் அதே கொள்கைதான். மாலை நேர மொழி வகுப்பில் இரண்டாம் முறை தோற்றதும் அது இன்னும் இறுகிவிட்டது.

ஒருநாள் சலவை ஆலையில் துணி மடிக்கும் பெண் கையில் கட்டோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள்.

"நீராவி மெஷின்ல கை வெந்துடுச்சுண்ணே. சொல்லாம லீவு எடுத்தேன்னு வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. நாளைக்குத் தொழிலாளர் ஆபீஸ்ல விசாரணை. இவங்க பாஷைல எனக்கு 'நன்றி', 'மன்னிச்சுக்குங்க' ரெண்டும்தான் வரும். வேலை போனா விசாவும் போயிடும். எனக்காக நீங்க வந்து பேசணும்."

"பேசுறேம்மா. ஜென்மத்துக்கும் மறக்க மாட்டாங்க."

அவள் போனதும் அண்ணி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். மருந்துக்கடையில் வேலை, இந்நாட்டு மொழி தண்ணீர்பட்ட பாடு.

"ஏங்க, பல்வலின்னு டாக்டர்கிட்ட சொல்லவே நான் வரணும். அங்க போய் என்னத்தப் பேசுவீங்க? நான் லீவு போட்டுட்டு வரேன்."

"பெண்களோட உழைப்பைச் சுரண்ட மனசு வரல."

"அப்ப தினமும் ஆக்கிப் போடுறேனே?"

"அது பாசம்."

மறுநாள் விசாரணை அறை. அதிகாரி ஏதோ கேட்டார். அண்ணன் எழுந்து, உலக உழைப்பாளர் வரலாற்றைத் தமிழில் இடியாய் இறக்கினார். நான் கைதட்டினேன். ஆலையின் வக்கீல் திணறிப்போய் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி மறுபடி கேட்டார். என்ன கேட்டார் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அண்ணன் கம்பீரமாகத் தலையாட்டி வைத்தார், அதை எழுதிக்கொண்டார்கள். பிறகு அந்தப் பெண்ணிடம் கேட்டார்கள். அவள் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டி, தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

"மன்னிச்சுக்குங்க. நன்றி."

குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிவாகி, கோப்பு மூடப்பட்டது. விசாவும் ரத்து.

அண்ணன் கலங்கிவிட்டார். கலங்கிய வேகத்திலேயே ஒரு நாவலை எழுதி முடித்தார். 'குரலற்றவள்'. அவள் விமானம் ஏறுவதற்கு முன்பே வெளியீட்டு விழா. முதல் பிரதியும் அவளுக்கே.

அவள் அட்டையைப் பார்த்தாள். பின் ஒலிவாங்கி முன்னால் போய், அரங்கம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"அண்ணே, எனக்குத்தான் குரல் இருக்கே. விசாரணைக்கு வரேன்ன அண்ணிய வேணாம்னு சொன்னீங்களாமே, ஏண்ணே?"

அண்ணன் புன்னகை மாறாமல் கம்பீரமாகத் தலையாட்டினார். பிறகு என் காதோரம் குனிந்தார்.

"என்னய்யா சொல்லுது இந்தப் பொண்ணு?"

அவள் பேசியது தமிழ்.