வரிசையில் வராத பாட்டு

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். கடையில் வாங்கிய புதுப் பால் போத்தலைக்கூட முகர்ந்து பார்க்காமல் தேநீரில் ஊற்றமாட்டேன். (வீட்டில் இந்தக் குணத்துக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், இங்கே எழுத முடியாது.) இதையும் தூக்கிக்கொண்டு நான் பெண் பார்க்கப் போனேன்.

எழுபதுகளின் பிற்பகுதி. சிட்னியில் தமிழ் ஆட்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நார்த்மீட்டில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பம், மகள் சாரதா ஆசிரியை, நல்ல இடம், விட்டுவிடாதே என்று ஊரிலிருந்து அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் என்று இங்கே நான் ஒருவன்தான். ஆகவே மாப்பிள்ளையாக வெட்கப்படுவதும் அம்மாவாகக் குறுக்குக் கேள்வி கேட்பதும் என் பொறுப்பாயிற்று.

முதலில் வீட்டைச் சந்தேகப்பட்டேன். அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்தது. பிறகு வடையை. "மகள் சுட்டது" என்றார் சாரதாவின் அப்பா. எந்த அப்பாதான் வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறார்? அடுத்து என் அம்மாவின் வேலையைத் தொடங்கினேன்.

"பிள்ளை ஒரு பாட்டுப் பாடட்டுமே."

சாரதா பாடினாள். பழைய சினிமாப் பாட்டாம். நான் கேட்டதே இல்லை. ஊரில் இருந்தபோது வானொலியில் வாரத்தின் சிறந்த பாடல்களை வரிசைப்படுத்திச் சொல்வார்கள். ஒரு வாரம் தவறவிட்டதில்லை. அந்த வரிசையில் வராதது எனக்குப் பாட்டே இல்லை. யாருக்கும் தெரியாத பாட்டாகப் பார்த்து எடுத்தால், பிழை விட்டாலும் பிடிக்க முடியாதல்லவா? ஆளை ஏய்க்கப் பார்க்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

"எங்கே, அந்த நடுப்பகுதியை இன்னொருக்காப் பாடுங்கோ."

பாடினாள். அச்சு அசலாக அதே மெட்டு. இவ்வளவு சரியாகப் பாடுகிறாளே என்று சந்தேகம் இன்னும் கூடியது.

"இது வானொலி வரிசையில வந்ததோ?"

"இல்லை. படம் ஓடேல்லை. பாட்டும் படத்தோட போயிட்டுது."

"நல்ல பாட்டெண்டால் நான் கேள்விப்பட்டிருப்பனே."

சாரதா வடைத் தட்டைக் கையில் எடுத்தாள். "போன கிழமை வரைக்கும் நாங்கள் உங்களையும் கேள்விப்படேல்லை" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

அப்பா எழுந்து நின்றார். மழை வரப்போகுது, குடை வேணுமோ என்று கேட்டார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

ரயிலில் திரும்பும்போதுதான் உறைத்தது. எனக்கு அவளை நன்றாகப் பிடித்துப் போயிருந்தது. வாயைக் கொடுத்து நானே கெடுத்துக்கொண்டேன்.

அடுத்த பொங்கலுக்கு செவன் ஹில்ஸில் ஒரு மண்டபத்தில் எல்லாரும் கூடினோம். மதுரையிலிருந்து வந்திருந்த டாக்டரம்மா ஒருவர் மேடையேறி அதே பாட்டைப் பாடினார். மண்டபமே கூடச் சேர்ந்து பாடியது.

"படம் வந்தப்போ இந்தப் பாட்ட யாரும் சீந்தலங்க. இப்ப ஊர்ல எங்க போனாலும் இதுதான்" என்றார்.

வாயை மூடிக்கொண்டு இருந்தவன் நான் மட்டும்தான். எதிர்ப்பக்கத்திலிருந்து சாரதா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மானத்தை விட்டு எழுந்து அவளிடம் போனேன்.

"நல்ல பாட்டு. அண்டைக்கே நான் சொல்லியிருக்க வேணும்."

"ஊரே சொன்னாப் பிறகு சொல்லுறியள். எப்பிடி நம்புறது?" என்றாள். சற்று யோசித்தாள். "திரும்ப வீட்டுக்கு வாங்கோ. இந்தமுறை நீங்கள் பாடுங்கோ."

போய்ப் பாடினேன். வரிசையில் மாதக்கணக்கில் முதலிடத்தில் இருந்த பாட்டு. மேல் சுருதியில் என் குரல் உடைந்தபோது பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது. சாரதா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கலியாணம் முடிவாயிற்று. (பரிதாபப்பட்டுத்தான் சம்மதித்தாளோ என்று இன்னமும் சந்தேகம் உண்டு.)

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் பெண் பாடுவதில்லை. மாப்பிள்ளைதான் பாட வேண்டும். போன மாதம் பேத்தியைக் கேட்டு கெல்லிவில்லிலிருந்து ஓர் ஐடி மாப்பிள்ளை வந்தார். கதிரை நுனியில் இருந்துகொண்டு ஏதோ ஒன்றைப் பாடினார். நான் கேட்டதே இல்லை. முழு வீடும் என் முகத்தையே பார்த்தது.

"அருமையான பாட்டு, தம்பி" என்றேன்.

சாரதா மூக்குக்கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தாள்.

"உண்மையாவோ?"