பாரதி அத்தை வீட்டுக்கும் ஒரு தலைக்கட்டு

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய பாரதி அத்தை அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் மகள் தேவிப்பிரியா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், அப்பா, அம்மா, சினையாக இருக்கும் செவலைப் பசு ஆகிய நால்வரும் நலம். தக்காளி விலை மட்டும் நலமாக இல்லை. ஓசூரில் நீங்களும் பிளசி அவர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவுடையது. அதை நான் கையில் எடுத்தால் அம்மா உடனே பக்கத்தில் வந்து நின்று வெங்காயம் உரிக்க ஆரம்பித்துவிடுவார், அன்றைக்கு சமையலே இல்லாவிட்டாலும். எனவே இந்தக் கடிதம் எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது.

நம் ஊரில் பஞ்சாயத்துத் தேர்தல் வருவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிரச்சார ஒலிபெருக்கியில் உங்கள் பெயர் வந்ததும் தெரிந்திருக்கும். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லியிருப்பார்கள். அப்பா குடித்திருந்தார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அவர் குடித்திருந்தது மோர். நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டுக் கடைசியில் உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன்.

அப்பா எந்தக் கட்சியையும் சேராத வாக்காளர். மற்றவர்கள் ‘நாங்க சைவமுங்க’ என்று சொல்வதுபோல அவர் இதைச் சொல்வார். வோட்டு கேட்டு வருகிற எல்லோருக்கும் நாற்காலி போட்டு மோர் கொடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்பார், எல்லோருக்கும் அதே கேள்வி. போன தடவை சுடுகாட்டுப் பாதை. அதற்கு முந்தின தடவை பள்ளிக்கூடத்துக் கழிப்பறை. அதன் பலனை நானே அனுபவித்திருக்கிறேன். யாருக்குப் போட்டார் என்று அம்மாவுக்குக்கூடத் தெரியாது. பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது அல்லவா, அதனால் “இந்த ஒரு தேர்தல்லதான் எல்லாரும் என்னைய மாதிரி ஆவறாங்க” என்று அப்பாவுக்கு ஒரு பெருமை. வேட்பாளர்கள் கட்சிக்கரை வேட்டியோடு வந்து “நாங்க சுயேச்சைங்க” என்று சொல்வதை அவர் மிகவும் ரசிப்பார்.

இந்த முறை தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. நிற்பவர்கள் இரண்டு பேர். தக்காளி மண்டி மாதவராஜ் அவர்களின் மனைவி சென்னம்மாள், பூட்டு சின்னம். போர்வெல் முருகேஷ் அவர்களின் மனைவி குள்ளம்மாள், சீப்பு சின்னம். முருகேஷ் அவர்களுக்குத் தலையில் முடியே இல்லை என்பதால் அந்தச் சின்னம் வந்த நாளிலிருந்து அவர் துண்டு கட்டிக்கொண்டுதான் வெளியே வருகிறார். பேனர்களில் கணவர்களின் முகம் லாரி டயர் அளவிலும் வேட்பாளர்களின் முகம் ஸ்டாம்பு அளவிலும் இருக்கின்றன. மனைவி ஜெயித்தால் நாற்காலியில் யார் உட்காருவார்கள் என்று நான் வகுப்பில் கேட்டேன். “அது பரீட்சைக்கு வராது, உக்காரு” என்று சொல்லிவிட்டார் சார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாதவராஜ் அவர்கள் நம் தெருவுக்கு வந்தார். முன்னால் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ, பின்னால் தப்பட்டை, அதற்கும் பின்னால் தலையைக் குனிந்தபடி கும்பிட்டுக்கொண்டே வேட்பாளர். நம் வீட்டு வாசலில் மாதவராஜ் அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். சென்னம்மாள் அவர்கள் நின்றார். அவருக்குப் போட்ட நாற்காலியில் மாதவராஜ் அவர்கள் தன் துண்டை வைத்திருந்தார். அவர் கையில் ஒரு மைக் எப்போதும் இருக்கும், வீட்டு வாசலில் பேசும்போதும் அதில்தான் பேசுவார், தான் எவ்வளவு பணிவாகப் பேசுகிறார் என்பது அடுத்த தெருவுக்கும் தெரிய வேண்டும் அல்லவா. அப்பா மோரை நீட்டிவிட்டுக் கேள்வியை ஆரம்பிப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். “மாதையண்ணா, நீங்க கேக்கவே வேணாம். உங்க மனசுல இருக்கறது எனக்குத் தெரியும். நம்ம பாரதி பாப்பாவுக்கு அரூர்ல ஒரு நல்ல எடம் வந்திருக்குது. பையன் தாலுகா ஆபீசுல. நான் தலைவர் ஆனதும் மொத வேல அதுதான், முன்ன நின்னு முடிச்சுத் தர்றன்.” தலைவர் ஆகப் போகிறவர் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறாரே என்று நான் பார்த்தேன். அவர் நம் பசுவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை, அப்போது அப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன் பொங்கலுக்கு வந்தபோது, பிளசி அவர்கள் உங்களுடன் வாடகையைப் பகிர்ந்துகொள்பவர் அல்ல, வாழ்க்கையைப் பகிர்ந்துகொள்பவர் என்று நீங்கள் சொன்னீர்களே, அன்று எழுந்துபோய், கரண்டே இல்லாத நேரத்தில் கொல்லையில் மோட்டார் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தாரே, அதே முகம். அன்று சாயங்காலப் பஸ்ஸில் நீங்கள் போனதோடு சரி. அதற்குப் பிறகு நம் வீட்டில் பிளசி அவர்களுக்கு ‘ரூம்மேட்டு’ என்று பெயர். தெருவில் யாராவது உங்கள் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால் அம்மா, “செவ்வா தோசம் பாருங்க, கொஞ்சம் லேட்டாவும்” என்பார்.

மாதவராஜ் அவர்கள் மைக்கை அப்பாவின் வாய்க்கு நேரே நீட்டி, “தெருவே கேக்கட்டும், ஒரே வார்த்த சொல்லுங்கண்ணா, எங்க ஓட்டு பூட்டுக்குத்தான்னு” என்றார். பட்டாசுக்காரரிடம், மாதையண்ணன் பேசி முடித்ததும் திரியைப் பற்றவைக்க வேண்டும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். அம்மாவிடமும், பட்டாசு வெடித்ததும் ஆரத்தித் தட்டோடு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “எனக்கு ஒரே கேள்விங்க. பாரதிக்கு எடம் பாக்க வேணாம். ஓசூர்ல பிளசின்னு ஒரு நர்சம்மா. ரெண்டு பேரும் ஒரு குடும்பமா இருக்கறாங்க. பண்டிகைக்கு அந்த வூட்டுக்குத் தலைக்கட்டு வரி வாங்குவீங்களா, மாட்டீங்களா?”

உடனே பட்டாசு வெடித்தது. தப்பட்டை முழங்கியது. அம்மா ஆரத்தித் தட்டோடு ஓடி வந்து, எல்லோரும் சிலைபோல நிற்பதைப் பார்த்து யாருக்குச் சுற்றுவது என்று தெரியாமல் அப்பாவுக்கே சுற்றிவிட்டார்.

பிளசி அவர்களுக்கு நம் ஊர் வழக்கம் தெரியாது என்பதால் எழுதுகிறேன், அவருக்குப் படித்துக் காட்டவும். நம் மாரியம்மன் பண்டிகைக்கு வரி வாங்குவது தலைக்கட்டுக் கணக்கில். ஒரு கல்யாணம் ஆனால் ஒரு தலைக்கட்டு. வரி கட்டிய வீட்டுக்கு மாவிளக்கு வரிசையில் ஒரு இடம், படையலில் ஒரு பங்கு. கல்யாணம் ஆகாதவர்கள் நரைத்துப்போனாலும் அப்பா கணக்கிலோ அண்ணன் கணக்கிலோதான். இந்த வரியை வாங்குகிற விழாக்குழுவின் தலைவரும் மாதவராஜ் அவர்கள்தான். அதனால் கேள்வி சரியான ஆளிடம்தான் கேட்கப்பட்டது.

மாதவராஜ் அவர்கள் மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, பழக்கதோஷத்தில் அதிலேயே பேசினார். “அண்ணா, அது சட்டத்துல இல்லீங்களே.”

“தலைக்கட்டு மட்டும் எந்தச் சட்டத்துல இருக்குதுங்க?”

“ஆம்பள இருந்தாத்தானுங்க தலைக்கட்டு. பொம்பளைங்க பேர்ல எப்புடி?”

“பொம்பளைங்க பேர்ல ஓட்டு கேக்கறீங்க, வரி மட்டும் வாங்க மாட்டீங்களா?”

“சரிங்க, பொண்ணுன்னா கட்டிக் குடுத்த ஊருல கட்டிக்கட்டும்.”

“நாங்க எங்க கட்டிக் குடுத்தோம்? அதனாலதான் இந்த ஊர் கணக்குன்னு சொல்றன்.”

அப்போது யாரோ சிரித்தார்கள். பார்த்தால் சென்னம்மாள் அவர்கள். இரண்டு வாரப் பிரச்சாரத்தில் அவர் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. “குடுக்காதவங்க வூட்டுக்கெல்லாம் நடையா நடந்து செருப்பு தேயறீங்க. குடுக்கறன்னு ஒருத்தர் சொல்றாரு, வாங்கிக்க என்ன நோவுது?” என்றார்.

“நீ சும்மா இரு, நீ வேட்பாளரு!” என்று அதட்டினார் மாதவராஜ் அவர்கள். அதுவும் ஊர் முழுக்கக் கேட்டது.

சாயங்காலமே முருகேஷ் அவர்கள் ஒரு கட்டு சீப்போடு வந்துவிட்டார். அப்பா கேள்வியைக் கேட்பதற்கு முன்பே, “எங்களுக்கு ஆட்சேபணை எதுவும் இல்லீங்க மாமா, ஆனா நான் சொன்னன்னு யாருகிட்டயும் சொல்லிறாதீங்க” என்றார். “அப்ப வேட்பாளரு என்ன சொல்றாங்க?” என்று அப்பா கேட்டார். “அவளக் கேக்கலீங்களே” என்று அவர் துண்டை அவிழ்த்துத் தலையைத் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு நடந்தவை சிரிப்பாக இல்லை. பால் சொசைட்டியில் இரண்டு பேர் அப்பாவைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். பங்காளி ஒருவர் வீட்டுக்கு வந்து, “மானத்த மைக்குல வித்துட்டியே மாதையா” என்று கத்திவிட்டுப் போனார். அம்மா அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சோறு போட்டுவிட்டுப் பசுவிடம் போய், “ஆறிப்போவுதுன்னு சொல்லு” என்கிறார். பசு என்ன செய்யும், பாவம். தெரு முழுக்க செவ்வாய் தோஷம் என்று சொல்லி வைத்தவர் அவர்தானே. இப்போது குழாயடியில் எல்லோரும் அவரை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அவர் அழுததை நான் பார்த்தேன். கோபத்தில் அழுதாரா உங்களை நினைத்து அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் தக்காளி பறிக்கும்போது அப்பாவிடம் கேட்டேன். “ஏம்ப்பா மைக்குல சொல்லிட்டீங்க?”

அவர் நாலு செடி பறித்து முடித்தார். பிறகு சொன்னார். “அரூர்ல ஒரு பையன்னு சொன்னான் பாரு. பொய் சொல்லி அந்தப் பையன் தலையில கட்டறதா? அவனும் ஒரு வூட்டுப் புள்ளதான.” இன்னும் நாலு செடி. “ஓட்டுன்னு வந்தா பாரதியும் ஒரு ஆளு, நானும் ஒரு ஆளு. என்னுது கனமா அவளுது லேசா? ஒண்ணுதான். ஊருன்னு வந்தா மட்டும் அவளுக்குக் கணக்கே இல்ல.”

“அப்ப உங்களுக்கு அவங்க கல்யாணம் சம்மதமாப்பா?”

“எனக்கு அது முழுசாப் புரியல தேவி. நான் கும்பிட்டு வளந்தது வேற. ஆனா எனக்குப் புரிஞ்சாத்தான் வரி வாங்கணும்னு இல்லியே.”

நான் இதைப் பற்றி நூலகத்தில் பழைய செய்தித்தாள்களை எடுத்துப் படித்தேன். இப்படிப்பட்ட கல்யாணத்துக்கு உரிமை கொடுப்பது எங்கள் வேலை இல்லை, சட்டம் இயற்றுகிறவர்கள் வேலை என்று டெல்லியில் பெரிய கோர்ட்டு சொல்லியிருக்கிறது. கல்யாணம் ஒன்றுதான் குடும்பம் ஆவதற்கு வழி என்று இல்லை என்று சென்னைக் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. இரண்டையும் படித்துவிட்டு யோசித்தேன். டெல்லியில் சட்டம் போடுகிறவர்கள் நம் தெருவுக்கு மோர் குடிக்க வரப்போவதில்லை. ஆனால் மாவிளக்கு வரிசையில் யார் நிற்கலாம் என்பதை முடிவு செய்வது வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் ஏழெட்டுப் பேர். அவர்களை நமக்குத் தெரியும், அவர்கள் வீட்டு மாட்டைக்கூடத் தெரியும். உள்ளூர்த் தேர்தலைப் பெரியவர்கள் சின்னத் தேர்தல் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எனக்கு இன்னும் ஓட்டு இல்லை என்பதால் கருத்தை மட்டும் எழுதுகிறேன்.

நேற்று விழாக்குழு கூடியது. அப்பா இரண்டு தலைக்கட்டு வரியோடு போனார். ஒன்றை வாங்கிக்கொண்டார்கள், இன்னொன்றைத் தள்ளினார்கள். அப்பா அதை அம்மன் முன்னால் இருந்த தட்டில் வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். குழுவில் இரண்டு பேர் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார்கள். நம் ஊரில் வரி வாங்குவதற்குத் துரத்தியதைப் பார்த்திருக்கிறேன், திருப்பிக் கொடுப்பதற்குத் துரத்தியதை நேற்றுதான் பார்த்தேன். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் மூச்சு வாங்கி நின்றுவிட்டார்கள். அந்தப் பணம் இப்போது யார் கணக்கிலும் சேராமல் கோயில் பெட்டிமேல் ஒரு கல்லுக்கு அடியில் இருக்கிறது. தேர்தல் முடிந்து புதிய பஞ்சாயத்துத் தலைவர் வந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது என் வேண்டுகோள். ஒலிபெருக்கி விஷயம் கேள்விப்பட்டு, அண்ணன் மனம் மாறிவிட்டார் என்று நினைத்து நீங்கள் இரண்டு பேரும் இந்தப் பண்டிகைக்குக் கிளம்பி வந்துவிட வேண்டாம். அழைப்பில்லாமல் வந்தாலும் நீங்கள் பிறந்த வீடுதான். ஆனால் ஊர் சூடாக இருக்கிறது. பிளசி அவர்கள் முன்னால் யாராவது ஏதாவது சொல்லிவிட்டால் என்னால் தாங்க முடியாது. ஊரோடு சண்டை போடுவது அப்பாவுக்கு எளிதாக இருக்கிறது, உங்களை நேரில் பார்ப்பதற்குத்தான் பயப்படுகிறார். அம்மா நிச்சயமாகத் தயாராக இல்லை. அடுத்த வருடம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

நம் மாரியம்மனும் பிளசி அவர்கள் வணங்கும் மாதாவும் உங்கள் வீட்டு வாசலில் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நின்று இருவரையும் காக்கட்டும். உங்கள் துணையை ‘மாமா’ என்று கூப்பிடுவது பொருத்தமாகத் தோன்றாததால், எனக்கு இரண்டு அத்தைகள் என்று வைத்துக்கொண்டேன். அவருக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
அன்புள்ள மருமகள்,
தேவிப்பிரியா.

பின்குறிப்பு: மேலே உள்ள வேண்டுகோளை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோது அப்பா வந்து, “ஓசூர் அட்ரசு உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார். பிறந்த வீட்டுப் பெண்ணைப் பண்டிகைக்கு நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்துத்தான் அழைக்க வேண்டுமாம், காலையில் முதல் பஸ்ஸுக்குப் புறப்படுகிறார். இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுக்கிறவர் அவர்தான். அடுத்தவர் கடிதத்தைப் படிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார், நீங்களும் அவர் எதிரில் படிக்க வேண்டாம். சீர்த்தட்டில் வைப்பதற்காக அம்மா பெட்டியைத் திறந்து ஒரு சேலையும் ஒரு வேட்டியும் எடுத்தார். அப்புறம் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அதை உள்ளே வைத்துவிட்டு, தான் கட்டாமல் வைத்திருந்த பச்சைப் பட்டுச் சேலையை எடுத்து, “அந்தப் பொண்ணு சேப்பா, கறுப்பா? பச்ச எடுப்பா இருக்குமா?” என்று அப்பாவிடமே நேராகக் கேட்டார். அப்பா, “எடுப்பா இருக்கும்” என்றார், அவர் பிளசி அவர்களைப் பார்த்ததே இல்லை. சேலை எப்படி இருந்தாலும் நன்றாக இருக்கிறது என்று பிளசி அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள்.