ரயிலிலேயே ஐரோப்பா

டில்லியில் ஒரு வகைத் தமிழர் இருக்கிறார். ஐரோப்பாவுக்கு ரயிலிலேயே போகிறவர். போனவர் அல்ல, கவனியுங்கள், போகிறவர். போன வருஷமும் போகிறவராகத்தான் இருந்தார், வருகிற வருஷமும் அப்படியே இருப்பார். கோயிலில் சுண்டல் வாங்கும்போதும், கல்யாணப் பந்தியில் பாயசத்துக்குக் காத்திருக்கும்போதும், துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும்கூட, பக்கத்தில் இருப்பவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியுமோ, ரயில்லயே லண்டன் வரைக்கும் போயிடலாம்" என்று ஆரம்பிப்பார். "டில்லியிலேர்ந்து அங்கே ரயில் ஏது சார்?" என்று கேட்டீர்களோ, தொலைந்தீர்கள். அதற்காகத்தான் அவர் காத்திருந்தார். மேற்கே போக முதலில் கிழக்கே போக வேண்டுமாம். கோரக்பூர் வரை ரயில், காட்மாண்டுவுக்கு பஸ், அப்புறம் திபெத். உங்கள் பாயசம் ஆறிப்போகும்.

விமானம் என்ற சொல்லே அவர் காதில் விழக்கூடாது. "பிளேன்ல போறவன் என்னத்தைப் பாக்கறான்? முன் சீட்டுக்காரனோட வழுக்கையைத்தானே!" நியாயம்தான். ஆனால் சென்னையில் மருமான் பூணூலுக்கு எப்படிப் போனார்? விமானத்தில். "ரெண்டு ராத்திரி யார் சார் ரயில்ல கிடக்கறது!"

இந்த வகையில் அசல் சரக்கு, டில்லி துவாரகாவில் என் எதிர் ஃபிளாட் மகாதேவன். ஒரே மகள் ஸ்ம்ருதிக்கு வியன்னாவில் வேலை, தலைப்பிரசவம் வேறு. அந்தச் சமயத்தில் தான் பக்கத்தில் இருக்க வேண்டுமே என்று அவர் மனைவி ருக்கு மாமிக்குச் சோறு இறங்கவில்லை. மகாதேவன் பதறவில்லை. "குழந்தை பொறக்க இன்னும் டைம் இருக்கு. ரயில்லயே போயிடலாம்" என்றார்.

அன்று தொடங்கியது திருவிழா. இட்லி எந்த ஊர் வரை தாங்கும், புளியோதரை எந்த எல்லையில் ஊசிப்போகும், அதற்கப்பால் அவலை ஊறவைக்க வெந்நீர் கொடுக்கிற கார்டு நல்லவனா கெட்டவனா என்றெல்லாம் ஆராய்ச்சி நடந்தது. மாதம் ஏறிக்கொண்டே போயிற்று. ரூட் மாறிக்கொண்டே வந்தது. உருப்படியாகக் கைக்கு வந்தது வியன்னா போக விசா ஒன்றுதான். அதுவும் ஸ்ம்ருதி தினமும் போனில் பிடுங்கியெடுத்ததால்.

ஒரு நாள் மகாதேவன் அறிவித்தார்: "ஒத்திகை பாத்துடணும். ஏர்போர்ட் லைன் மெட்ரோவுல பெட்டி வைக்க ராக் இருக்கு. நியூ டெல்லி வரைக்கும் போயிட்டுத் திரும்புவோம். ஆனா எல்லாம் அசலா இருக்கணும் ருக்கு. பாஸ்போர்ட், ஸ்வெட்டர், ஊறுகாய், ஒண்ணு குறையப்படாது."

"ஞாயித்துக்கிழமை காலம்பற போகலாம்" என்றாள் மாமி. அவள் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது எனக்கே ஆச்சரியம்.

பெட்டி தூக்க என்னையும் அழைத்தார்கள். மெட்ரோ வாசலில் சோதனை போட்ட காவலர், ஊறுகாய் ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "கஹாம் ஜானா ஹை, அங்கிள்?" என்று போகிற இடம் கேட்டார். "வியன்னா" என்றார் மகாதேவன். காவலர் ஒரு கணம் யோசித்தார். "அச்சா" என்று விட்டுவிட்டார். டில்லியில் அவர் இதைவிடப் பெரிதெல்லாம் கேட்டிருப்பார்.

வண்டியில் ஏறியதும் மகாதேவன் பையிலிருந்து இரும்புச் சங்கிலியை எடுத்து, இரண்டு பெட்டிகளையும் கம்பியோடு சேர்த்துப் பூட்டினார். எதிரே காதில் இயர்போன் மாட்டியிருந்த பெண் அதைக் கழற்றிவிட்டே வேடிக்கை பார்த்தாள். மகாதேவன் சால்வையைப் போர்த்திக்கொண்டு, "இப்ப கஜகஸ்தான் வந்துட்டதா வெச்சுக்கோ, குளிர்றது" என்றார். வந்தது கஜகஸ்தான் அல்ல. அடுத்த ஸ்டேஷனே ஏர்போர்ட்.

ருக்கு மாமி எழுந்தாள். தன்னிடமிருந்த இன்னொரு சாவியால் பூட்டைத் திறந்து, தன் பெட்டியை உருவிக்கொண்டாள்.

"எங்கே எழுந்துண்டே?"

"வியன்னாவுக்கு."

"இது ஒத்திகைடீ!"

"எனக்கு ஒத்திகை இல்லே. ஸ்ம்ருதி டிக்கெட் அனுப்பிட்டா. உங்களுக்கும் சேர்த்துத்தான். வரேளா?"

கதவு திறந்தது. மகாதேவன் கதவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார். மனசுக்குள் கத்தினேன்: இறங்குங்கள் ஓய், இறங்குங்கள்!

"நடுவுல இறங்கினா ஒத்திகை கெட்டுப்போயிடுமேடீ" என்றார்.

மாமி இறங்கிவிட்டாள். கதவு மூடியது. சிரிப்பதா, அந்த மனுஷரைப் பிடித்து உலுக்குவதா என்று எனக்குத் தெரியவில்லை. "ஊறுகாயை விட்டுட்டுப் போயிட்டாளே" என்று மட்டும் மெல்லச் சொன்னார். நியூ டெல்லி வரை போய்த்தான் திரும்பினோம்.

பேரன் பிறந்தான். மாமி வீடியோவில் காட்டினாள். மகாதேவனுக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லக்கூடாது. மூக்கைச் சிந்திவிட்டு, "அச்சா, அச்சா, போனை அந்த ஜன்னல் பக்கம் திருப்பு. தண்டவாளம் தெரியறதா?" என்றார். பிறகு என் முழங்கையைப் பிடித்தார். "அடுத்த மாசம் கிளம்பறேன் சார். ஈரான் வழியா துருக்கி. இஸ்தான்புல்லேர்ந்து வியன்னாவுக்கு ஒரே ரயில்!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள். அந்தக் கடைசி வரியைப் படித்ததும், 'அதெப்படி ஒரே ரயில், நடுவில் வண்டி மாற வேண்டுமே' என்று உள்ளே ஒரு குரல் கேட்டதா? மேப்பைத் திறக்க விரல் போனுக்குப் போயிற்றா? போயிருந்தால் மேப் இருக்கட்டும். முதலில் எழுந்து போய், வீட்டில் இன்னொருவருடைய பெட்டி இன்னும் அலமாரி மேலேயே இருக்கிறதா என்று பாருங்கள்.